பள்ளத்தாக்கின் வெளிச்சக் கணக்கு

கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைப் பந்தல். கல்தூண்களின் மேல் இழுத்துக் கட்டிய கம்பிகளில் கொடி படர்ந்து, தலைக்கு மேல் பச்சைக் கூரையாக நிற்கிறது. அதிலிருந்து கருநீலக் குலைகள் தொங்குகின்றன. குமுளிக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்கள், குலைக்கு நேர் அடியில் போய் நின்று செல்போனை உயர்த்துகிறார்கள். மணி பன்னிரண்டரை. எடுத்த படத்தைப் பார்த்தால், இலை இடுக்கில் தெரிந்த வானம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டது. குலை கரியாகத் தெரிகிறது. நிற்பவர் முகத்தில் ஒரு பச்சைச் சாயல். ‘இதைவிட நல்ல போன் வாங்கணும்’ என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறுகிறார்கள்.

குறை போனில் இல்லை. திராட்சை இலை, வெயிலின் சிவப்பையும் நீலத்தையும் பெரும்பாலும் உறிஞ்சிக்கொண்டு பச்சையைத்தான் கீழே விடுகிறது. பந்தலுக்குள் இருப்பது வடிகட்டிய பச்சை வெளிச்சம். நம் மூளை அதைத் தானே சரிசெய்துகொள்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கேமராவோ உள்ளதை உள்ளபடி பதிகிறது. ஒரு வெள்ளை வேட்டியையோ தாளையோ அதே நிழலில் காட்டி ‘ஒயிட் பேலன்ஸ்’ வைத்தால் முகம் பழைய நிறத்துக்குத் திரும்பும்.

அதைவிட எளிய வழி, பந்தலின் ஓரத்துக்கு நகர்ந்துவிடுவது. அங்கே வெளிச்சம் பக்கவாட்டில் வருகிறது; குலைக்குப் பின்னால் வானத்துக்குப் பதில் பந்தலின் இருட்டு நிற்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் தோலில், மாவு பூசினாற்போல் மெல்லிய வெண்படலம் இருக்கும். அது பழம் தானே சுரக்கும் மெழுகு. சாய்ந்து விழும் காலை வெளிச்சத்தில் ஒவ்வொரு பழத்தின் தோளிலும் அது சாம்பல் நீலமாக மின்னும். விரல் பட்டால் அந்த இடம் மட்டும் பளபளவென்று கறுத்துவிடும். அதனால் படத்தை எடுத்துவிட்டுத்தான் குலையைத் தொட வேண்டும்.

மலை தின்னும் பொன்வெயில்

‘சூரியன் உதித்து ஒரு மணி நேரம், மறையும் முன் ஒரு மணி நேரம் படமெடு’ என்று புகைப்படப் பாடங்கள் சொல்கின்றன. அந்த அளவு, சூரியன் சாய்வாக ஏறி இறங்கும் நாடுகளுக்கு ஓரளவு பொருந்தும். கம்பம் பள்ளத்தாக்கு நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகைக்குள் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறுகிறது. அடிவானத்திலிருந்து 6 பாகை உயர, மார்ச் மாதச் சமநாளில் லண்டனில் சுமார் 38 நிமிடம் ஆகும். கம்பத்தில் சுமார் 24 நிமிடம்தான். பொன்னிறம் சீக்கிரம் வெளுத்துவிடுகிறது.

போதாக்குறைக்கு மலை. கிழக்கே மேகமலை, மேற்கே ஏலமலை. ஒரு வயலிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி, 1 கிலோமீட்டர் உயரத்துக்கு மலை நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதன் முகடு வயலிலிருந்து பார்ப்பவருக்கு 11 பாகை உயரத்தில் தெரியும். பஞ்சாங்கம் சொல்லும் உதயத்துக்கு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அந்த வயலில் முதல் வெயில் விழும். அதற்குள் சூரியன் தன் மஞ்சளைப் பெரும்பாலும் இழந்திருக்கும். மாலையில் இதே கணக்கு மேற்கு மலையடிவாரத்தில் திரும்பி நடக்கிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேலே போவது. போடி தாலுகாவில் ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில் இருக்கும் கொழுக்குமலைக்கு, கேரளத்தின் சூரியநெல்லி வழியாக விடியுமுன் ஜீப்புகள் ஏறுவதற்குக் காரணம் இதுதான். அங்கிருந்து கிழக்கே மறைக்க எதுவும் இல்லை. இரவில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தில் தேங்கி, ஈரம் நுண்துளிகளாகி மேகமாகக் காலடியில் கிடக்க, அதன்மேல் முதல் வெளிச்சம் படர்வதைப் பார்க்கலாம்.

இரண்டாவது வழி, கீழேயே நின்று வேறு வெளிச்சத்தைப் பயன்படுத்துவது. சூரியன் மலைக்குப் பின்னால் இருக்கும் அந்த முக்கால் மணி நேரமும் வானம் முழுவதும் ஒரே விளக்காக நின்று நிழலில்லாத மெல்லிய வெளிச்சம் தருகிறது. முகங்களுக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கேரளத்து மேகம் முகடு தாண்டி வழிந்து பள்ளத்தாக்கை மூடும்போது, நண்பகலில்கூட இதே மென்மை கிடைக்கும். முதல்போகத்துக்குத் தண்ணீர் திறந்து நாற்று நடும் நாட்களும் அவைதான். தண்ணீர் நிற்கும் வயலில் மலை தலைகீழாகக் கிடக்கும். முட்டி போட்டுக் கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினால், நின்றபடி பார்க்கும்போது தெரியாத பிரதிபலிப்பு முழுசாகத் தெரியும்.

மறுகால் பாய்ந்த வெளிச்சம்

கேமராவின் சென்சாரைக் கோடிக்கணக்கான குட்டிக் கண்மாய்களாக நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியைச் சேர்க்கிறது. கண்மாய் பாதி நிறைந்தால் எவ்வளவு தண்ணீர் என்று அளந்து சொல்லலாம். நிறைந்து மறுகால் பாய்ந்துவிட்டால், வந்தது எவ்வளவு என்று சொல்ல முடியாது. பந்தல் இடுக்கில் வெளுத்துப்போன வானம் இப்படி மறுகால் பாய்ந்த வானம். எந்த எடிட்டிங் மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதற்குள் மேகமும் நீலமும் பதியவே இல்லை.

அதனால் அனுபவமுள்ளவர்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். படத்தில் மிகவும் வெளிச்சமான, ஆனால் விவரம் தேவைப்படும் இடத்தைப் பார்த்து எக்ஸ்போஷரை முடிவு செய்கிறார்கள். இருட்டு இடமிருந்து வெளிச்சம் வலம் வரை காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது சுவரில் போய் மோதாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். செல்போனில் அந்த இடத்தை விரலால் தொட்டு, சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் போதும்.

கொழுக்குமலையின் மேகக்கடல் இதற்கு நேர்மாறான சோதனை வைக்கிறது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற கணக்கில்தான் கேமராவின் ஒளிமானி இயங்குகிறது. சட்டகம் முழுக்க வெண்மேகம் என்றால் அதை இருட்டாக்கிச் சாம்பலாகக் கொடுத்துவிடும். அங்கே எக்ஸ்போஷரை ஒரு படி கூட்ட வேண்டும். பாயில் காயும் மிளகைப் படமெடுத்தால் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். அங்கே குறைக்க வேண்டும்.

பதியும் வடிவமும் முக்கியம். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ‘ரா’ கோப்பில் 16,384 படிகள். சுருளி அருவியின் ஓரத்துப் பாறை நிழலை மேலேற்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஜேபெக்கில் நிழல் திட்டுத்திட்டாக உடையும். ‘ரா’வில் பாசியின் பச்சை மெல்ல வெளியே வரும்.

நீலத்தை அழிக்காத எடிட்டிங்

தேனியிலிருந்து பார்த்தால் மலைகள் அடுக்கடுக்காக நிற்கும். முன்னால் பச்சை, அடுத்தது கரும்பச்சை, கடைசியில் வெறும் நீலம். 1871-ல் ராலே பிரபு இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். காற்று மூலக்கூறுகள், சிவப்பு ஒளியைவிட நீலத்தை நான்கு மடங்குக்கும் மேல் சிதறடிக்கின்றன. மலை தள்ளிப் போகப் போக, நமக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் காற்றின் நீலம் கூடுகிறது. அந்த நீலத்தைப் பார்த்துத்தான் கண் தூரத்தை அளக்கிறது.

எடிட் செய்யும்போது மூடுபனி நீக்கும் ஸ்லைடரை முழுசாக இழுத்தால் பின்மலையும் முன்மலையும் ஒரே சுவராக ஒட்டிக்கொள்ளும். கிலோமீட்டர் கணக்கில் நீளும் பள்ளத்தாக்கு காலண்டர் அட்டையாகிவிடும். பச்சையை ஏற்றினாலும் இதே கதிதான். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி, சென்சார் புள்ளிகளில் பாதியைப் பச்சைக்கு ஒதுக்குகிறது. மனிதக் கண் பச்சை ஒளியைத்தான் மிகவும் கூர்மையாக உணர்கிறது. நாற்றங்காலின் இளம்பச்சை வேறு, தூர்கட்டிய பயிரின் பச்சை வேறு, வரப்புத் தென்னையின் பச்சை வேறு. ஸ்லைடரை ஏற்றும் விரல் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது.

எடுத்த அன்றைக்கே எடிட் செய்யாமல் இருப்பது நல்லது. முதலில் இரண்டு இடத்தில் நகல். மறுநாள் காலையில் இருநூறிலிருந்து பத்தைப் பொறுக்குவது. பிறகு கோணலைச் சரிசெய்து, ஒயிட் பேலன்ஸ் பார்த்து, வெளிச்சத்தைத் திருத்தி, நிறத்துக்குக் கடைசியாக வருவது. மூலக் கோப்பின்மேல் எதையும் சேமிக்கக் கூடாது. ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் முழு அளவில் போய்ச்சேரும்.

பொறுக்குவதில் மா. கிருஷ்ணனிடம் (1912–1996) கற்றுக்கொள்ள நிறைய உண்டு. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான இவர், காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். பல பாகங்களைத் தானே கோத்து அமைத்த கனமான கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். ஃபிலிம் காலத்தில் ஒவ்வொரு சொடுக்கும் காசு. அதனால் தேர்வு, பொத்தானை அழுத்தும் முன்பே நடந்தது.

இந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்கக் கற்றுக்கொள்ள 2018-ல் வெளிவந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைப்படத்தைப் போட்டுப் பார்க்கலாம். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். அகன்ற சட்டகத்தில் சுமையோடு ஏறும் ஒரு சிறு உருவம் இருப்பதால்தான் மலையின் உயரம் உறைக்கிறது. அந்த ஆளைக் கையால் மறைத்துப் பார்த்தால் மலையும் சிறுத்துவிடும். சுற்றுலாப் படங்களில் பெரும்பாலும் விடுபடுவது இந்த அளவுகோல்தான்.

இதையெல்லாம் பழக ஆரம்பிக்கப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. போனில் எடுத்த ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் தேதியும் நேரமும் தானாகவே பதிந்திருக்கின்றன. கம்பம், சின்னமனூர், கூடலூர்ப் பக்கம் எடுத்த பழைய காலைப் படங்களைத் திறந்து, மேகமலைக்கு மேல் வெயில் எட்டிப்பார்த்த முதல் படம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று குறித்துக்கொள்ளலாம். சூரியன் உதிக்கும் இடம் ஜூனில் நேர்கிழக்குக்கு ஏறக்குறைய 24 பாகை வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே நகர்வதால், மாதத்துக்கு மாதம் அந்த நேரம் மாறும். அடுத்த முறை அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பாகவே பந்தல் ஓரத்துக்குப் போய், இன்னும் யார் விரலும் படாத ஒரு குலையைத் தேடி நிற்கலாம்.