முள்ளந்தண்டுத் தேய்வும் உறக்கச் சுவாசத்தடையும்

சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் வரும் ஜோ என்னும் பருத்த வேலைக்காரச் சிறுவன் எந்நேரமும் உறங்கிவிழுபவன். வாசகர் நகைப்பதற்கெனப் படைக்கப்பட்ட பாத்திரம் அது. உடற்பருமனும் பகலுறக்கமும் சுவாசக் குறைபாடும் இணைந்த நோயொன்றுக்கு 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் அந்நாவலின் பெயரையே இட்டனர். இத்தகைய நோயாளரிடம் உறக்கத்தின்போது சுவாசம் மீண்டும் மீண்டும் தடைப்படுவது 1965இல் ஐரோப்பிய ஆய்வாளராற் பதிவுசெய்யப்பட்டது. எசமானரின் கண்ணுக்குச் சோம்பலாகத் தோன்றியது நோயெனத் துலங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர மேல் மூச்சுவழி அடைபடுகின்றது. குருதியில் ஒட்சிசன் குறைகின்றது. மூளை உறங்குபவரை அரைகுறையாக எழுப்புகின்றது. இத்தொண்டையின் பின்சுவரை ஒட்டியிருப்பது கழுத்து முள்ளந்தண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது. தேய்வுற்ற முள்ளென்புகளின் விளிம்புகளில் வளரும் என்புமுனைகள் முன்னோக்கிப் பெருப்பின் விழுங்குதல் சிரமமாகும்; அரிதாக, மூச்சுவழியும் நெருக்கப்படும். முடக்குவாதம் கழுத்தின் மேல்மூட்டுகளைச் சிதைக்குமிடத்தும் இவ்வாறு நிகழக்கூடும்.

மறுதிசையிலும் ஒரு தொடர்பு பேசப்படுகின்றது. முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளின் உட்பகுதியிற் குருதிக்குழாய்கள் இல்லை. அயலிலிருந்து ஊறிவரும் ஊட்டத்தையே அவை நம்பியுள்ளன. எனவே, இரவுதோறும் நேரும் ஒட்சிசன் குறைவும் அழற்சியும் தட்டுத் தேய்வை விரைவுபடுத்தலாம் என்பர். இது கருதுகோளேயன்றி முடிபன்று. முதுமையும் உடற்பருமனும் இரண்டு நோய்களுக்கும் பொதுவாதலின், உடனிகழ்வைக் காரணமெனக் கொள்ளல் தகாது. (நமது இலக்கிய வரலாற்றுக் கட்டுரைகள் சிலவும் இதனை நினைவிற்கொள்ளலாம்.)

முதலாளித்துவம் உழைப்பாளியின் உறக்க நேரத்தையும் அபகரிப்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் (1867) வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் எடுத்துக்காட்டினார். இங்கோ, எஞ்சிய அவ்வுறக்கமும் உழைப்புச் சக்தியை மீட்டுத் தருவதில்லை. சுமை தூக்கி முதுகு தேய்ந்தவர் என்பு மருத்துவரிடம் செல்கின்றார். அவரது குறட்டை பற்றி அங்கு வினவுவோர் அரியர். வலிக்கென வழங்கப்படும் அபின்வகை மருந்துகள் சுவாசத்தை மந்தப்படுத்துவன. உறக்க மாத்திரைகள் சில தொண்டைத் தசைகளை மேலுந் தளர்த்துவன. நோவு தணிந்ததென எண்ணப்படும் இரவிலேயே மூச்சு அதிகந் தடைப்படலாம். 1981இல் சிட்னியில் கொலின் சலிவனும் சகாக்களும் அறிமுகஞ்செய்த, மூக்கின் வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தும் முறை இத்தடையை நீக்கவல்லது. ஆயின் அக்கருவிக்கு விலையும் வேண்டும், இரவு முழுதும் மின்சாரமும் வேண்டும்.