பிசுபிசுக்காத கிரீம் எது?

சித்திரை வெயிலில் தேவகோட்டைக் கடைவீதிக்குப் போய்த் திரும்புவதற்குள் முகத்தில் பூசிய கிரீம் வேர்வையோடு வழிந்து கழுத்துக்கு இறங்கிவிடுகிறதா? குறை உங்கள் தோலில் இல்லை. கிரீமின் ரகத்தில் இருக்கிறது.

எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளிகளைப் பொதிந்து வைத்தால் அது கனமான கிரீம். மார்கழியில் வெடித்த குதிகாலுக்கு அதைவிட நல்லது இல்லை. தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் மிதந்தால் அது லேசான ரகம். பூசியதும் தண்ணீர் ஆவியாகி, மெல்லிய படலம் மட்டும் தங்கும். நம் பாட்டிமார் ‘ஸ்னோ’ என்று ஆசையாகப் பூசிக்கொண்டதும் இந்த ரகம்தான். பம்பாயில் 1919-இல் அறிமுகமான ஆப்கான் ஸ்னோ அதில் பேர் வாங்கியது.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் மிளகளவு கிரீமைப் போட்டுக் கலக்குங்கள். பால்போலக் கலந்தால் லேசான ரகம். திட்டுத்திட்டாக மிதந்தால் எண்ணெய் ரகம்.

தேவகோட்டையிலிருந்து பர்மாவுக்கு வணிகம் செய்யப் போன நகரத்தார் அங்கே பிசுபிசுக்காத இன்னொரு பூச்சையும் பார்த்திருப்பார்கள்: தனக்கா. பர்மாக்காரர்கள் மரப்பட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு உரசி, சந்தனம்போலக் கன்னத்தில் அப்பிக்கொள்கிறார்கள். அதில் எண்ணெயே சேர்ப்பதில்லை. வெயிலுக்குக் குளுகுளுவென்று இருக்கும்.

தலைமுடிக்கும் இதே கணக்குதான். சீயக்காயிலும் அரப்பிலும் இயற்கையாகவே நுரைப்பொருள் உண்டு; அது எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும். ஷாம்பு போட்டபின் கண்டிஷனர் தடவுகிறவர்கள் உச்சியை விட்டுவிட்டு, முடியின் நுனிப்பக்கம் மட்டும் தடவுங்கள். சாயங்காலம்வரை தலை பிசுபிசுக்காது.