தூக்கினால் எழும்பும்!

குட்டீஸ்! கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டி விளையாடியவர்களா நீங்கள்? அதே ஜாய்ஸ்டிக்கில் ஹெலிகாப்டரை ஓட்டிப் பாருங்கள். சற்று நேரத்தில் தரையில் மோதிவிடும்! ஏன் தெரியுமா?

விமானத்தில், 'திராட்டில்' கைப்பிடியை முன்னே தள்ளினால் இன்ஜின் சக்தி கூடும். ஹெலிகாப்டரின் விசிறியோ ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுற்றும். பைலட்டின் இடக்கைப் பக்கம் 'கலெக்டிவ்' என்ற நெம்புகோல் உண்டு. அதைத் தூக்கினால் விசிறி இறக்கைகள் எல்லாம் ஒரே அளவு கூடுதலாகச் சாயும், ஹெலிகாப்டர் எழும்பும். தாழ்த்தினால் இறங்கும்.

வீட்டு ஜாய்ஸ்டிக்கில் கலெக்டிவ் இல்லையே? திராட்டிலை அந்த வேலைக்கு வைக்க வேண்டியதுதான். விளையாட்டின் 'கன்ட்ரோல்ஸ்' பகுதியில் அதைக் கலெக்டிவுக்கு மாற்றுங்கள். நிஜ நெம்புகோலைப் போல, உங்கள் பக்கம் இழுத்தால் எழும்ப வேண்டுமா? 'ரிவர்ஸ்' வசதியைத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். இன்று தள்ளியும் நாளை இழுத்தும் பழகினால், அவசரத்தில் கை தடுமாறும். இறங்க நினைக்கும்போது ஏறிவிடுவீர்கள்! ஒரே முறையில் பழகுங்கள். விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் தனித்தனியாக அமைத்துச் சேமியுங்கள்.

கலெக்டிவைத் தூக்கியதும் ஹெலிகாப்டரின் மூக்கு ஒரு பக்கம் திரும்பும். விசிறி சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் உடல் சுழலப் பார்ப்பதே காரணம். அதைத் தடுக்கத்தான் கால் மிதிகள். மிதி இல்லையென்றால், திருகும் வசதியுள்ள ஜாய்ஸ்டிக்கைத் திருகிச் சமாளிக்கலாம்.

முதல் நாளே பறக்க வேண்டாம். தரைக்குச் சற்று மேலே, அரை நிமிடம் அசையாமல் நிறுத்துங்கள். செய்துவிட்டால், நூற்றுக்கு நூறு!