கருகல் வாடை வந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்

ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். வாடகை வேன், பதினோரு பேர், தூங்கி வழியும் பிள்ளைகள். பாதி மலை இறங்கியதும் ரப்பர் தீய்ந்ததுபோல ஒரு வாடை. பின்சீட்டில் இருந்த அத்தைதான் முதலில் சொன்னார்: "தம்பி, ஏதோ கருகுதுப்பா." டிரைவர், "முன்னாடி போற லாரிம்மா" என்றார். முன்னால் லாரி எதுவும் இல்லை. இரண்டு வளைவு தாண்டியதும் அத்தை பிடிவாதமாக நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்தில் மெல்லிய புகை. டிரைவர் தண்ணீர் பாட்டிலோடு குனிந்தார். எதிரே ஏறி வந்த உள்ளூர் ஜீப்காரர் கத்தித் தடுத்தார். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம், கோணிக்கொள்ளலாம். தானாக ஆற விடுவதுதான் வழி. அரை மணி நேரத்துக்கு மேல் ஓரமாக நின்றோம்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? ஒன்றரை டன் கார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், சுமார் 50 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் இறங்கினால் இதில் பெரும்பங்கை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் ஏறக்குறைய அத்தனையும் நான்கு சக்கரங்களின் பிரேக் தலையில்தான். லைனிங் அளவுக்கு மீறிச் சூடானால் பெடல் கெட்டியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடலே பஞ்சுபோல உள்ளே போய்விடும். புது ‘டாட் 3’ ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசான பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் தள்ளுபவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. மிச்சமும் இல்லை. இன்றைய வண்டிகள் கியரில் இறங்கும்போது, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் எரிபொருளைத் தாமாகவே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடுவதற்கு எண்ணெய் செலவாகிறது. இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும்.

ஏறின கியரில் இறங்கு என்பது மலை டிரைவர்களின் பழைய பாடம். இப்போதைய கார்கள் மூன்றாவது கியரிலேயே மேடேறிவிடுவதால், அதற்கும் ஒரு கியர் குறைத்தே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ‘எல்’ அல்லது மேனுவல் நிலை. வளைவுக்கு முன்பே அழுத்தமாகப் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு காலை எடுத்துவிட வேண்டும். வழி நெடுகப் பெடலில் கால் வைத்தபடி வருவதுதான் பிரேக்கைத் தீய்க்கிறது. மேலே வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியவர் இறங்குபவரே.

வண்டியின் எடை கூடினால் இறக்கத்தில் வெளியாகும் சூடும் அதே கணக்கில் கூடும். அமெரிக்காவில் கேரவனைப் பின்னால் கட்டி ராக்கி மலை இறங்குபவர்கள், அதற்கென்று தனி பிரேக் பொருத்துவது இதற்காகவும்தான். அங்கே பைக்ஸ் பீக் மலையில் இறங்கும் வண்டிகளை நடுவழியில் நிறுத்தி, பிரேக் சூட்டை அளந்து, ஆற வைத்து அனுப்புகிறார்கள். நம் மலைச் சாவடிகளிலும் இதைச் செய்ய முடியும், செய்யவும் வேண்டும். ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னையில் இருந்து வந்த கார் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் யார் கண்ணுக்கும் படாமல் கிடந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகே வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்கத் தடை வந்தது.

பெடல் உள்ளே போய்விட்டால் விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுங்கள். எதற்கும் அடங்காவிட்டால் பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைச்சுவரில் உரசி நிறுத்துங்கள்.

வண்டி எடுக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. மஞ்சள் போர்டு வண்டியாகப் பார்த்து, எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ் மூன்றையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குச் சங்கடப்படாதீர்கள்.

அடிபட்டால் 108. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில், தனியார் உட்பட, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வரம்புக்கு உட்பட்டுப் பணம் கட்டத் தேவையில்லை. எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. தூக்கிச்சென்று சேர்ப்பவரைப் போலீஸ் சாட்சியாகக் கட்டாயப்படுத்த முடியாது; பெயரைச் சொல்லாமலே திரும்பலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவில், யார் தவறு என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்கலாம். அதற்கு மேல் இழப்பு என்றால் 166-வது பிரிவில் மனு. ஆறு மாதத்துக்குள் போடச் சொல்கிறது சட்டம். விபத்து ஏற்காட்டில் நடந்திருந்தாலும் சேலத்துக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம்.