தூளான புத்தர் சிலை: உருவத்தைக் காப்பாற்றிய 3 போட்டோ!

வீரகேரளம்புதூர் வட்டாரத்தில் தென்காசி கோபுரத்தைத் தெரியாதவர் யார்? உயரம் ஏறக்குறைய 180 அடி. ஆப்கானிஸ்தானில் பாமியான் மலையில் குடைந்திருந்த பெரிய புத்தர் சிலையும் அதே உயரம்தான்!

2001 மார்ச்சில் தலிபான்கள் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அருகில் இருந்த 125 அடி சிலையும் தூள். 1969 முதல் 1977 வரை இந்திய தொல்பொருள் துறையினர் பழுது பார்த்த சிலைகள் அவை.

எல்லாம் போச்சா? இல்லை!

சண்டை மூளும் முன்பே, 1970-ல் ஆஸ்திரிய பேராசிரியர் கோஸ்ட்கா பெரிய சிலையை அளவெடுக்கும் கேமராவில் படம் பிடித்திருந்தார். அதில் 3 படங்களை வைத்து, சூரிச் நகர நிபுணர்கள் அங்கி மடிப்பு உள்பட சிலையைக் கம்ப்யூட்டரில் உருவாக்கினார்கள்.

இடிந்து கிடந்த தென்காசி கோபுரம் 1990-ல் மறுபடி எழுந்தது. பாமியானிலோ வெறும் மாடம்தான். படம் எடுத்தவர் புண்ணியத்தில் அளவாவது மிஞ்சியது!