செக் ராக் குழுவின் கதை: இசையைக் குற்றமாக்கிய வழக்கு

1976ஆம் ஆண்டு செப்டம்பரில் பிராக் நகர நீதிமன்றம் ஒன்று நால்வருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. ஆயுதம் வைத்திருந்ததாகவோ, அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகவோ அவர்கள் மீது குற்றச்சாட்டு இல்லை. பொது அமைதியைக் குலைத்தார்கள் என்பதே வழக்கு. பாடல்களில் ஆபாசச் சொற்கள் இருந்தன என்றது அரசுத் தரப்பு.

வழக்கின் மையத்தில் இருந்தது 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யூனிவர்ஸ்' என்ற ராக் இசைக்குழு.

1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த சில வாரங்களில், மிலன் ஹ்லாவ்சா என்ற 17 வயது இளைஞர் இக்குழுவைத் தொடங்கினார். அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் பாடல் ஒன்றிலிருந்து பெயர் வந்தது. நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவே அவர்களுக்கு முன்மாதிரி. முகத்தில் சாயம், நீண்ட அங்கிகள், மேடையில் நெருப்பு, பறக்கும் தட்டுகளின் உருவங்கள் என அவர்களது தொடக்ககால நிகழ்ச்சிகள் அமைந்தன.

1970இல் தொழில்முறைக் கலைஞர்களுக்கான உரிமம் பறிக்கப்பட்டது. அரசுக்குச் சொந்தமான கருவிகளும் பயிற்சி இடமும் கைவிட்டுப் போயின.

குழுவின் கலை வழிகாட்டியான இவான் யிரோஸ் கலை வரலாற்றாளர். அந்தத் தகுதியில் அவர் ஓவியர் ஆண்டி வார்ஹோல் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவார்; 'விளக்கத்திற்காக' என்று குழு வாசிக்கும். சொற்பொழிவு சில நிமிடங்கள், விளக்கம் பல மணி நேரம்! பின்னர் கிராமத்துத் திருமண விருந்துகள் திரையாயின. இடம் கடைசி நேரத்தில்தான் தெரியவரும். ரசிகர்கள் ரயிலேறிச் சென்று, வயல்வெளிகளில் நடந்து போய்ச் சேர்வார்கள். 1974 மார்ச்சில் தெற்கு பொஹீமியாவில் அவ்வாறு வந்தவர்களைக் காவல்துறையினர் அடித்து விரட்டி, திரும்பும் ரயில்களில் ஏற்றினர். பல மாணவர்கள் படிப்பை இழந்தனர்.

இதற்கிடையே குழுவில் சேர்ந்த சாக்ஸபோன் கலைஞர் வ்ராதிஸ்லாவ் பிரபெனெட்ஸ், ஆங்கிலத்தை விட்டுத் தாய்மொழியில் பாட வேண்டும் என்று வலியுறுத்தினார். எனது பார்வையில் இதுவே பெரிய திருப்பம். ஆங்கிலக் கூச்சலை அதிகாரிகள் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். செக் மொழியில் பாடினால் எல்லோருக்கும் புரியும். பாடல் வரிகளுக்கு, நூல் வெளியிட அனுமதிக்கப்படாத கவிஞர் எகோன் போண்டியை நாடினர். அவரே இரகசியக் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தவர் என்பது பிற்பாடு வெளியானது.

1976 பிப்ரவரியில் யிரோஸின் திருமணத்தையொட்டி நடந்த இசைவிழா கைதுகளுக்கு இட்டுச்சென்றது. யிரோஸுக்கு 18 மாதம், பிரபெனெட்ஸுக்கு 8 மாதம். ஏனைய இருவரும் அதே வட்டத்தைச் சேர்ந்த பாடகர்கள்.

அரசுக்கு இவ்வளவு அச்சம் ஏன்? படையெடுப்புக்குப் பிந்தைய ஆட்சி, மக்களுடன் எழுதப்படாத ஓர் உடன்பாட்டில் நின்றது: வாய்மூடி இருங்கள், வாழ்க்கை வசதிகள் கிடைக்கும். இந்த இளைஞர்கள் ஆட்சியை எதிர்க்கவில்லை. அந்த உடன்பாட்டுக்கு வெளியே வாழ்ந்தார்கள், அவ்வளவுதான். எதிர்ப்பாளரோடு பேரம் பேசலாம். எதையும் கேட்காதவரிடம் என்ன பேசுவது?

வழக்கு விசாரணையைக் கவனித்துவந்த நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலுக்கு இது விளங்கியது. நீண்ட தலைமுடி இளைஞர்களை அதுவரை பொருட்படுத்தாத எழுத்தாளர்களும் தத்துவவாதிகளும் முன்னாள் கம்யூனிஸ்டுகளும் ஒன்றுசேர்ந்தனர். 1977 ஜனவரியில் 240க்கும் மேற்பட்டோர் கையெழுத்துடன் 'சாசனம் 77' என்ற மனித உரிமைப் பிரகடனம் வெளிவந்தது. அதன் பேச்சாளர்களில் ஒருவரான தத்துவவாதி யான் பாடொச்கா, நீண்ட விசாரணைகளுக்குப் பின்னர் அதே ஆண்டு மார்ச்சில் உயிரிழந்தார்.

குழு அடுத்த ஆண்டில் ஹாவெலின் கிராமத்து வீட்டில் ஒலிப்பதிவு செய்தது. காவல்துறையின் நெருக்குதலால் 1982இல் பிரபெனெட்ஸ் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தார். 1988இல் குழு கலைந்தது. கம்யூனிச ஆட்சி விழ ஓராண்டுதான் மீதம் இருந்தது.

சாசனத்தின் இருபதாம் ஆண்டான 1997இல் பழைய நண்பர்கள் மீண்டும் கூடினர். பிரபெனெட்ஸும் திரும்பி வந்தார். அப்போது நாட்டின் அதிபர் ஹாவெல். 2001 ஜனவரியில் ஹ்லாவ்சா 49ஆவது வயதில் புற்றுநோயால் காலமானார். அவரில்லாமலும் குழு தொடர்ந்து மேடையேறியது.