ஏழு வருஷம் என்றால் ஏழு வருஷமே

ஒலிவியா டி ஹாவிலண்டு அம்மையாரும் அவர் தொடுத்த வழக்கும்

ஒப்பந்தத்தை மீறலாகாது என்பது எல்லா நாட்டுச் சட்டங்களும் ஒப்புக்கொண்ட தர்மம். மனிதன் தன் வீட்டை விற்கலாம். நிலத்தைக் குத்தகைக்கு விடலாம். நகையை அடமானம் வைக்கலாம். ஆனால் தன் ஆயுட்காலத்தையே ஒருவன் அடமானம் வைத்து விட்டால், அந்தப் பத்திரத்தைக் கோர்ட்டு நிறைவேற்றிக் கொடுக்க வேண்டுமா? அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்து நியாயஸ்தலம் இக்கேள்விக்கு 1944-ஆம் வருஷத்தில் திட்டமான விடை அளித்தது. அந்த விடையைப் போராடிப் பெற்றவர் ஒரு சினிமா நடிகை. வழக்குத் தொடுத்தபோது அவருக்கு வயது 27.

ஸ்ரீமதி ஒலிவியா டி ஹாவிலண்டு 2020-ஆம் வருஷம் ஜூலை 26-ந் தேதி பாரிஸ் நகரில் 104-ஆவது வயதில் காலமானார். “கான் வித் த விண்ட்” என்னும் படத்தில் மெலனியாக வந்த சாந்த ஸ்வரூபியாகவே அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்தச் சாந்தத்துக்குள் இருந்த உறுதியை அறிந்தவர்கள் குறைவு. படத்துக்காக அவர் பெற்ற புகழைக் காட்டிலும், சட்டப் புத்தகத்தில் அவர் பெற்ற இடம் நீடித்து நிற்கும் என்பது நம் அபிப்பிராயம்.

டோக்கியோவில் பிறந்த பெண்

1916-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் ஆங்கிலேயப் பெற்றோருக்கு ஒலிவியா பிறந்தார். தகப்பனார் அங்கே காப்புரிமைச் சட்ட வக்கீல். தாயார் நாடக மேடையில் பயின்றவர். அடுத்த வருஷம் பிறந்த தங்கை ஜோன், பிற்காலத்தில் ஜோன் பான்டெயின் என்ற பெயரில் தாமும் பெரும் நடிகையானார். 1919-ல் தாயார் இரு குழந்தைகளுடன் கலிபோர்னியாவில் தங்கினார். அங்கே சாரடோகா என்னும் சிற்றூரில் ஒலிவியா வளர்ந்தார்.

1934-ல் ஆஸ்திரிய நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட், ஷேக்ஸ்பியரின் “மிட்ஸம்மர் நைட்ஸ் ட்ரீம்” நாடகத்தை ஹாலிவுட்டில் திறந்த வெளி அரங்கில் நடத்தினார். ஹெர்மியா வேஷத்துக்கு மாற்று ஆளாக மட்டும் வைக்கப்பட்டிருந்த ஒலிவியாவுக்கு, முன்னிருந்தவர்கள் விலகியதால் மேடை கிடைத்தது. மறு வருஷமே வார்னர் பிரதர்ஸ் கம்பெனி அந்நாடகத்தைப் படமாக்கியபோது, அதே வேஷம் அவரைத் திரைக்குக் கொண்டு வந்தது. 1935-ல் “காப்டன் பிளட்” படத்தில் எரல் பிளினுடன் நடித்தார். இவ்விருவரும் எட்டுப் படங்களில் சேர்ந்து தோன்றினர். 1938-ல் வெளிவந்த “ராபின் ஹூட்” அவற்றுள் மிகப் பிரசித்தமானது. ஜனங்களுக்கு அது போதவில்லை. கம்பெனியின் பணப்பெட்டிக்கும் போதவில்லை. நடிகைக்கு மட்டுமே அது மிகையாகத் தோன்றலாயிற்று. கதாநாயகன் வாள் வீசும்போது பக்கத்தில் அழகாக நின்றுகொண்டிருப்பது தான் நடிப்பா என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார்.

பொற்கூண்டின் அமைப்பு

இங்கே அக்காலத்து ஹாலிவுட்டின் வியாபார முறையைச் சற்று விளக்குவது அவசியம். சில பெரிய கம்பெனிகளே படங்களைத் தயாரித்தன, அவற்றை விநியோகித்தன, காட்டும் கொட்டகைகளில் பலவற்றையும் தாமே வைத்திருந்தன. நடிகர்கள் கம்பெனியின் ஆஸ்திகளில் ஒரு பகுதி. ஒருவரை மற்றொரு கம்பெனிக்கு இரவல் கொடுத்து, அதில் வரும் லாபத்தைத் தாமே எடுத்துக்கொள்வதும் வழக்கம்.

1936-ல், 19 வயதில், ஒலிவியா கையெழுத்திட்ட பத்திரமும் இவ்வகையைச் சேர்ந்ததே. முதலில் 52 வாரங்கள்; அதன்பின் ஆறு தடவை, தடவைக்கு 52 வாரங்கள் வீதம் அதைப் புதுப்பித்துக்கொள்ளும் உரிமை. அந்த உரிமை கம்பெனிக்கு மட்டுமே உண்டு. வேண்டாமென்றால் கம்பெனி வருஷ முடிவில் கைவிடலாம். நடிகை கைவிட முடியாது. இதனினும் கொடியது மற்றொரு ஷரத்து. கொடுத்த வேஷத்தை நடிகை மறுத்தால் சம்பளம் நிறுத்தப்படும். அந்த வேஷத்தை வேறொருவர் நடித்து முடிக்கும் வரையில் அவர் சும்மா இருக்க வேண்டும். வேறு எங்கும் வேலை செய்யக் கூடாது. சும்மா இருந்த அத்தனை வாரங்களும் ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டப்படும். ஆகவே எவ்வளவுக்கு எவ்வளவு நல்ல வேஷத்துக்காகப் போராடுகிறாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு விடுதலை நாள் தள்ளிப் போகும். கையெழுத்திட்டபோது ஏழு வருஷமாக இருந்தது, முடிவில் எட்டோ ஒன்பதோ, அதற்கு மேலுமோ ஆகலாம்.

மெலனி வேஷம் அவருக்குக் கிடைத்ததும் சுலபமாக அல்ல. வேறு கம்பெனியின் படத்துக்கு அவரை இரவல் கொடுக்க முதலாளி ஜாக் வார்னர் இசையவில்லை. ஒலிவியா முதலாளியின் மனைவியிடம் சென்று முறையிட்டு, அவர் மூலமாகவே அனுமதி பெற்றார். 1939-ல் வெளிவந்த அப்படம் அவரை உலகறியச் செய்தது. ஆனால் திரும்பி வந்ததும் பழைய பொம்மை வேஷங்களே காத்திருந்தன. அவர் மறுத்தார், சம்பளம் நிறுத்தப்பட்டது. இப்படியாகச் சேர்ந்த வாரங்கள் 25. 1943-ஆம் வருஷம் மே மாதத்தில் ஏழு வருஷம் முடிந்து விட்டதென்று அவர் எண்ணியபோது, பாக்கி 25 வாரங்களையும் உழைத்துத் தீர்க்கும்படி கம்பெனி சொல்லிற்று.

முன்னே தோற்றவர்

இதற்கு முன் எவரும் எதிர்க்கவில்லை என்பதல்ல. அதே கம்பெனியின் மற்றொரு பெரிய நடிகை பெட்டி டேவிஸ் 1936-ல் இங்கிலாந்துக்குப் போய் வேறு படத்தில் நடிக்க முயன்றார். கம்பெனி லண்டன் ஹைகோர்ட்டில் தாவா செய்து தடையுத்தரவு வாங்கி விட்டது. நடிப்பைத் தவிர வேறு வேலை செய்து அவர் பிழைக்கலாமே, ஆகையால் தடையுத்தரவு அவரைக் கம்பெனியிடம் திரும்பும்படி நிர்ப்பந்திப்பதாகாது என்பது ஜட்ஜின் தர்க்கம். அந்தத் தர்க்கத்தின் நயத்தை வாசகர்களே மதித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டு வக்கீல்களுக்கு இந்த வழக்குப் புதியதன்று. “வார்னர் பிரதர்ஸ் எதிர் நெல்ஸன்” என்று, அந்நடிகையின் விவாகப் பெயரால் வழங்கும் இத்தீர்ப்பு நம் கோர்ட்டுகளிலும் எடுத்துக் காட்டப்படுகிறது. ஒரு கம்பெனி ஊழியரின் ஒப்பந்தத்தைப் பற்றிய கோலிகரி வழக்கில், நமது சுப்ரீம் கோர்ட்டும் 1967-ல் இதை ஆராய்ந்திருக்கிறது. ஆகவே ஒலிவியா கேட்ட கேள்வி ஹாலிவுட்டுக்கு மட்டும் உரியதல்ல. சம்பளத்துக்குக் கையெழுத்திடும் யாவருக்கும் உரியது.

வழக்கு

மார்ட்டின் காங் என்னும் வக்கீல் கலிபோர்னியாவின் தொழிற் சட்டத்தில் 2855-ஆவது பிரிவை ஒலிவியாவுக்கு எடுத்துக் காட்டினார். தேக உழைப்பு, திறமை இவற்றைத் தருவதற்கான ஒப்பந்தத்தை, வேலை தொடங்கிய நாளிலிருந்து ஏழு வருஷங்களுக்கு மேல் ஊழியர் மீது அமல் நடத்த முடியாது என்பது அதன் சாரம். இந்த விதிக்கு ஒரு பூர்விகம் உண்டு. நம் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிறந்த அதே 1872-ஆம் வருஷத்தில் கலிபோர்னியாவின் சிவில் சட்டத் தொகுப்பும் பிறந்தது. அதில் இந்த வரம்பு இரண்டே வருஷம். 1919-ல் ஐந்தாகவும், 1931-ல் விசேஷத் திறமையுள்ளவர் விஷயத்தில் ஏழாகவும் அது நீட்டப்பட்டது. முதலாளிகளுக்குச் சட்டசபை ஏற்கனவே இரு முறை இரங்கியிருந்தது என்பது தெளிவு.

1943 ஆகஸ்டில் வழக்குத் தாக்கலாயிற்று. கம்பெனியின் வாதம் இரண்டு. ஏழு வருஷம் என்றால் உண்மையில் வேலை செய்த ஏழு வருஷம் என்பது ஒன்று. சட்டம் அளிக்கும் பாதுகாப்பை நடிகை தாமே கையெழுத்திட்டுக் கைவிட்டு விட்டார் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கோர்ட்டு ஏற்கவில்லை. 1944 மார்ச்சில் கீழ்க் கோர்ட்டு நடிகைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கம்பெனி அப்பீல் செய்தது. டிசம்பர் 8-ந் தேதி ஜட்ஜ் ஷின் எழுதிய தீர்ப்பில் அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. ஏழு வருஷம் என்பது பஞ்சாங்கத்தில் எண்ணும் ஏழு வருஷமே. பொதுஜன நன்மைக்காக ஏற்பட்ட விதியைத் தனி மனிதர் தம்முள் செய்துகொள்ளும் பத்திரத்தால் ரத்து செய்ய இயலாது. 1945 பிப்ரவரியில் ராஜ்ய சுப்ரீம் கோர்ட்டு வழக்கை மேற்கொண்டு விசாரிக்க மறுத்து விட்டது. நடிகை விடுதலை பெற்றார்.

இந்த இரண்டாவது கருத்தே தீர்ப்பின் உயிர்நிலை. வேலை தேடி நிற்பவன் எந்த ஷரத்தையும் வேண்டாமென்று சொல்லும் நிலையில் இல்லை. பாதுகாப்பைக் கைவிடலாம் என்று சட்டம் இடங்கொடுத்தால், மறுநாளே ஒவ்வொரு பத்திரத்திலும் “கைவிடுகிறேன்” என்ற வரி அச்சாகி விடும். பிறகு அந்தப் பாதுகாப்பு ஏட்டுச் சுரைக்காய் தான்.

வழக்கு நடந்த காலத்தில் அவர் பட்ட கஷ்டம் சிறிதன்று. ஒலிவியா இன்னும் தங்களுக்குக் கட்டுப்பட்டவர் என்று வார்னர் கம்பெனி மற்றக் கம்பெனிகளை எச்சரித்தது. சுமார் இரண்டு வருஷ காலம் எந்தப் படத்திலும் அவர் நடிக்க முடியவில்லை. அப்போது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அவர் அலூஷியன் தீவுகளுக்கும் தென் பஸிபிக் தீவுகளுக்கும் சென்று ஆஸ்பத்திரிகளில் கிடந்த சிப்பாய்களைக் கண்டு ஆறுதல் சொல்லி வந்தார். பிஜித் தீவில் நிமோனியா கண்டு தாமே படுக்கையில் விழுந்தார்.

வாரந்தோறும் நல்ல சம்பளம் வாங்கும் நட்சத்திரத்துக்கு என்ன அடிமைத்தனம் என்று சிலர் கேட்கலாம். அவரைப் பிரபலமாக்கக் கம்பெனி செலவிட்ட பணத்துக்கு யார் ஈடு சொல்வது என்று வேறு சிலர் கேட்கலாம். இவை தள்ளிவிடத்தக்க கேள்விகளல்ல. ஆனால் செலவிட்ட பணத்தைத் திரட்டிக்கொள்ள ஏழு வருஷம் போதாதா? சம்பளம் உயர்ந்தது என்பதற்காக எஜமானனை மாற்றும் உரிமையை ஒருவர் இழக்க வேண்டுமென்றால், அந்தச் சம்பளம் விலையாகி விடுகிறது. வாங்குகிறவர் சரக்காகி விடுகிறார்.

விடுதலையின் பயன்

விடுதலை பெற்றவர் அதை என்ன செய்தார் என்பதே உரைகல். 1946-ல் பாரமவுண்டுக் கம்பெனியின் “டு ஈச் ஹிஸ் ஓன்” படத்தில், பெற்ற பிள்ளையைப் பிறர் வளர்க்கப் பார்த்திருக்கும் தாயாக நடித்து ஆஸ்கார் பரிசு பெற்றார். 1948-ல் “ஸ்நேக் பிட்” படத்துக்காக மனநோய் ஆஸ்பத்திரிகளை நேரில் சென்று பார்த்து, அழகையெல்லாம் ஒதுக்கி விட்டு நோயாளியாகவே தோன்றினார். 1949-ல் வில்லியம் வைலர் எடுத்த “ஹெய்ரஸ்” படத்தில், ஏமாற்றப்பட்டு உள்ளம் இறுகிப் போகும் பெண்ணாக நடித்து இரண்டாம் ஆஸ்காரும் பெற்றார். இந்த மூன்று வேஷங்களில் ஒன்றையேனும் பழைய எஜமானர்கள் கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகமே.

மற்ற நடிகர்களுக்கும் வழி திறந்தது. யுத்தத்துக்குப் போயிருந்தவர்களின் ஒப்பந்த காலமும் பஞ்சாங்கப்படியே ஓடித் தீர்ந்தது. 1948-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, பாரமவுண்டு வழக்கில், கம்பெனிகள் தயாரிப்பையும் கொட்டகைகளையும் ஒரே கையில் வைத்திருந்த ஏற்பாட்டைக் கண்டித்தது. இவ்விரு அடிகளாலும், பின் வந்த டெலிவிஷனாலும், பழைய ஹாலிவுட் முறை சரிந்தது.

1955-ல் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் பியர் கலான்டை மணந்து ஒலிவியா பாரிஸிலேயே குடியேறினார். 1965-ல் கான் படவிழாவின் நடுவர் குழுவுக்குத் தலைமை வகித்த முதல் பெண்மணி அவரே. படங்கள் குறைந்த காலத்தில் டெலிவிஷன் அவரை வரவேற்றது. நீக்ரோ மக்களின் தலைமுறைச் சரித்திரமான “ரூட்ஸ்” தொடரின் இரண்டாம் பாகத்தில் 1979-ல் தோன்றினார். 1986-ல் ருஷ்ய அரச குமாரி அனஸ்தேஸியாவைப் பற்றிய டெலிவிஷன் படத்தில் சக்கரவர்த்தியின் தாயாராக நடித்து கோல்டன் குளோப் பரிசு பெற்றார்.

தோற்ற வழக்கு

101-ஆவது பிறந்த நாளுக்கு முந்தின தினம், 2017 ஜூன் 30-ல், அவர் மறுபடியும் கோர்ட்டுக்குப் போனார். “ப்யூட்” என்னும் டெலிவிஷன் தொடரில் தம்மைப் போல் ஒரு நடிகையை நடிக்க வைத்து, தம்மை வம்பு பேசுகிறவராகக் காட்டி விட்டார்கள் என்பது அவர் புகார். 2018 மார்ச்சில் அப்பீல் கோர்ட்டு அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உண்மை மனிதரைக் கதையில் சித்திரிக்க அவரிடம் அனுமதி பெற வேண்டுமென்றால் பேச்சுரிமை நிலைக்காது என்று கோர்ட்டு கருதியது. அவர் வருத்தத்தை நாம் உணர்கிறோம். எனினும் தீர்ப்பு சரியென்றே சொல்ல வேண்டும். 1944-ல் எந்தச் சுதந்திரம் அவரைக் காத்ததோ, அதன் சகோதரச் சுதந்திரமே 2018-ல் மற்றவரைக் காத்தது.

முதல் வழக்கின் வேலையும் முற்றும் முடிந்து விடவில்லை. 1987-ல் அதே 2855-ஆம் பிரிவு திருத்தப்பட்டு, இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு ஒரு சலுகை அளிக்கப்பட்டது. ஒப்புக்கொண்ட இசைத்தட்டுகளைக் கொடுக்காத பாடகர்கள் மீது ஏழு வருஷத்துக்குப் பின்னும் நஷ்டஈடு கோரலாம் என்று ஆயிற்று. 2008-ல் ஒரு கம்பெனி மூன்று கோடி டாலர் கேட்டு ஒரு பாட்டுக் குழுவின் மீது வழக்குத் தொடுத்தபோது, அக்குழுவினர் நாடியதும் ஒலிவியாவின் வழக்கையே. முன் வாசலில் தடுக்கப்பட்டவர்கள் பின் வாசலைத் தேடுவது உலக இயல்பு. ஆகையால் சட்டத்தைப் பெற்றால் மட்டும் போதாது. அதைக் காவல் காக்கவும் வேண்டும்.

நம் நாட்டிலும் கலைஞரும் தொழிலாளரும் எழுத்தாளரும் தினந்தோறும் பத்திரங்களில் கையெழுத்திடுகிறார்கள். சிறிய எழுத்தில் அச்சிட்டதைப் படித்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? கையெழுத்திட்ட பின்னும் சட்டம் தமக்கு என்ன மிச்சம் வைத்திருக்கிறது என்று விசாரிப்பவர் எத்தனை பேர்? ஒலிவியா அம்மையார் பத்திரத்தோடு நிற்காமல் சட்டத்தையும் கேட்டுப் பார்த்தார். ஒரு தனிப் பெண் அப்படிக் கேட்டதனால், எண்ணற்றோர் வாழ்நாளுக்கு ஒரு வரம்பு கிடைத்தது. கையெழுத்திடும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது.